விடைத்தாளைத் திருத்தாத வாத்தியார்

"கேமே ஓடுது சித்தப்பா. இதுக்கு மேல என்ன டெஸ்ட்?"

என் அண்ணன் மகன் இதைக் கேட்டபோது அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. இரண்டு வருடச் சேமிப்பு, பாட்டி கொடுத்த பணம், பகுதி நேர வேலையில் வந்தது எல்லாவற்றையும் போட்டு, மூன்று சனிக்கிழமை ரிச்சி தெருவில் அலைந்து, பாகம் பாகமாக வாங்கி அவனே கோத்து முடித்த கம்ப்யூட்டர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விசிறிகள் கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு மாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தன. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ராமை டெஸ்ட் பண்ணினியா?" அவன் பதில்தான் மேலே இருப்பது. நானும் சிரித்தபடி காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வற்புறுத்தியிருக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பதிலை அவன் சொந்தமாக யோசித்துச் சொல்லவில்லை. கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிற பையன்கள், கட்டிக்கொடுக்கிற கடைக்காரர்கள், காலேஜ் ஹாஸ்டலில் "பி.சி. அண்ணா" என்று பேர் வாங்கியவர்கள் எல்லோரிடமும் இருக்கிற வேதவாக்கு அது. ஸ்விட்சைப் போட்டால் திரை வர வேண்டும், விண்டோஸ் ஏற வேண்டும், கனமான கேம் ஒன்று இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். முடிந்தது. இதற்கு மேல் சோதனை என்று யாராவது பேசினால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். கம்பெனியிலேயே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புகிறான் என்பது ஒன்று. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டால் நல்ல பார்ட்ஸும் போய்விடும் என்பது இன்னொன்று. இந்த மூன்றுமே தவறு என்பது என் கட்சி.

முதலில் கேமை எடுத்துக்கொள்வோம். சோதனை என்றால் என்ன? கேள்வியைக் கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். வந்த பதிலை அந்த விடையோடு ஒப்பிட வேண்டும். இது இரண்டும் இல்லையென்றால் அதற்குச் சோதனை என்று பேர் கிடையாது. கேம் உங்கள் பிராசசரிடமும் கிராபிக்ஸ் கார்டிடமும் நொடிக்குக் கோடிக்கணக்கில் கேள்வி கேட்கிறது. வந்த பதிலை அப்படியே நம்பித் திரையில் வரைந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் திரையில் நிற்பது சுமார் 16 மில்லி நொடி. அதில் சுவரின் ஒரு புள்ளி சிவப்புக்குப் பதில் பச்சையாக வந்தால் யார் பார்த்தார்கள்? வகுப்பில் 50 பேருக்குப் பரீட்சை வைத்து, பேப்பரை வாங்கிக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு "எல்லோரும் பாஸ்" என்று அறிவிக்கும் வாத்தியார்தான் கேம். ஒரு பையன் பரீட்சை எழுதும்போதே மயங்கி விழுந்தால் ஒழிய அவர் எதையும் கவனிக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிர் ஜாதி மெம்டெஸ்ட். 1994இல் கிறிஸ் பிரேடி எழுதி, பிறகு கிளை பிரிந்து இரண்டு பெயர்களில் இன்றும் புழங்குகிற நிரல். விண்டோஸ் எழுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து எழுந்து, ராமின் ஒவ்வோர் அறையிலும் தனக்குத் தெரிந்த ஒன்றை எழுதிவைக்கும். திரும்ப வந்து படிக்கும். வைத்தது இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் எந்த முகவரியில், எந்த பிட் மாறியது என்று சிவப்பில் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பார்க்க அழகாக ஒன்றுமே இருக்காது. மூன்று மணி நேரம் ஒரு நீலத் திரை. யாருக்கும் பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிரைம்95 கதை இன்னும் சுவையானது. அது சோதனைக்காகப் பிறந்ததே இல்லை. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியின் நிரல். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைத் திரும்பத் திரும்பப் பெருக்கும் வேலை அது. வாரக்கணக்கில் ஓடும் அந்தக் கணக்கில் ஓர் இடத்தில் ஒரு பிட் பிசகினாலும் மொத்த உழைப்பும் குப்பை. ஆகவே, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து எந்திரத்தைச் சரிபார்க்கும் வசதி அதிலேயே வைக்கப்பட்டது. இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசசர்களில் கடுமையான கணக்குச் சுமையில் எந்திரம் உறைந்துபோகும் குறை ஒன்று 2016 ஜனவரியில் உறுதியானதே, அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இந்தப் பகா எண் வேட்டைக்காரர்கள்தான். அதே பிராசசரில் அதுவரை எத்தனை பேர் கேம் ஆடியிருப்பார்கள்!

"சித்தப்பா, இதெல்லாம் கணக்குப் பைத்தியங்களுக்கு" என்று என் பிள்ளையாண்டான் சொல்வான். சரி, கேம் உலகத்துக்கே வருவோம். 2005இல் வெளிவந்த கில்ட் வார்ஸ் கேமை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்துக்கு, யாராலும் விளக்க முடியாத கிராஷ் அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. நிரலைப் பார்த்தால் அந்த இடத்தில் கிராஷ் ஆக வழியே இல்லை. அதன் நிறுவனர்களில் ஒருவரான மைக் ஓப்ரையன் ஒரு காரியம் செய்தார். கேமின் உள்ளேயே, நொடிக்குப் பல முறை, கொஞ்சம் நினைவகத்தை எடுத்து, அதில் கணக்குப் போட்டு, தெரிந்த விடைகளின் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு துண்டைச் செருகினார். உடன் பணியாற்றிய பாட்ரிக் வயட் பின்னாளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆடுபவர்களின் கம்ப்யூட்டர்களில் ஏறத்தாழ 1 சதவீதம் அந்தக் கணக்கில் தோற்றன. ஓவர்கிளாக் செய்த பிராசசர், கெட்ட ராம், போதாத எஸ்.எம்.பி.எஸ்., தூசி அடைத்துச் சூடான பெட்டி என்று காரணங்கள் பல.

யோசித்துப் பாருங்கள். அவை எல்லாமே அந்த நிமிடம் கேம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள். "கேம் ஓடுது, அப்புறமென்ன" என்று அவற்றின் சொந்தக்காரர்கள் சத்தியம் செய்திருப்பார்கள். கேமுக்கு விடைத்தாளைத் திருத்தக் கற்றுக்கொடுத்தபோதுதான் நூற்றில் ஒன்று ஃபெயில் என்று தெரிந்தது.

இப்போது கம்பெனி டெஸ்ட் வாதம். கம்பெனி சோதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ராம் கம்பெனி ராமைச் சோதிக்கிறது, போர்டு கம்பெனி போர்டைச் சோதிக்கிறது. ஆனால் உங்கள் ராமும், உங்கள் போர்டும், உங்கள் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரும் முதன்முதலாகச் சந்தித்தது உங்கள் வீட்டு மேசையில். ஜாதகப் பொருத்தம் பார்த்தவர் யாரும் இல்லை. போதாததற்கு, பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆன் செய்கிறீர்கள். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கிறதே என்றுதான் செய்கிறீர்கள். ஆனால் ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ராம் போட்டால் 5200. நான்கு போட்டால் வெறும் 3600. அதற்கு மேல் ஓட்டுவது எல்லாமே ஓவர்கிளாக்தான். "நான் ஓவர்கிளாக்கே பண்ணலியே" என்பவர்களில் பாதிப் பேர் தெரியாமல் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005இலேயே இந்த வேடிக்கையை எழுதினார்: நடக்கவே முடியாத இடங்களில் கிராஷ் ஆன விண்டோஸ் அறிக்கைகளைத் துருவியபோது, ஓவர்கிளாக் செய்த எந்திரங்கள் வரிசையாக வந்தன. கடைக்காரர் சத்தமில்லாமல் வேகத்தைக் கூட்டி விற்றதை அறியாமலே வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள்.

அதே மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் 2011இல் சுமார் 10 லட்சம் சாதாரண கம்ப்யூட்டர்களின் கிராஷ் தரவுகளை அலசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிராண்டு கம்ப்யூட்டர்களைவிட உதிரி பாகங்களால் கட்டியவை அதிகம் பழுதாகின்றன என்பது அதில் ஒரு முடிவு. ஒருமுறை வன்பொருளால் கிராஷ் ஆன எந்திரம் மறுபடி ஆவதற்கான வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுகிறது என்பது இன்னொன்று. "ஏதோ ஒரு தடவை ப்ளூ ஸ்கிரீன் வந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டுகளின் மின் இணைப்பு முனைகள் உருகிய படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அவற்றில் பலவற்றில் கண்டது, முனை கடைசிவரை உள்ளே போகாமல் இருந்தது. அதைச் செருகியது எந்தக் கம்பெனியும் இல்லை, கட்டியவரின் கட்டைவிரல். கம்பெனி சோதித்தது தன் வேலையை. உங்கள் வேலையை யார் சோதிப்பது?

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பார்ட்ஸைக் கொல்லும் என்ற பயம் மூன்றாவது. இதைப் பேசுகிறவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டுகிறேன். 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் முன்னோட்டத்தின்போது ஆர்.டி.எக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. செத்தது சண்டைக் காட்சியில்கூட இல்லை; பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காத மெனு திரையில். அதிகம் பாதிக்கப்பட்ட கார்டுகளைத் தயாரித்த இ.வி.ஜி.ஏ., தன் பற்றவைப்பில் இருந்த குறையே காரணம் என்று பிறகு விளக்கி, மாற்றிக் கொடுத்தது. ஆக, கொலை செய்தது கேம்! சோதனை அன்று. அடுத்தது, இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் மெல்ல மெல்ல அவற்றை அரித்தது. 2024 செப்டம்பரில் இன்டெல் சொன்ன காரணங்களில் ஒன்று, எந்திரம் சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் பிராசசர் கூடுதல் மின்னழுத்தம் கேட்டது. கம்ப்யூட்டரைப் பூப்போல வைத்துக்கொண்டவர்களுக்கும் அந்த அரிப்பு நடந்தது.

நவீன பிராசசர் ஒன்றும் அந்தக்கால அடுப்பு இல்லை, விட்டால் கருகிப்போக. வரம்பைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போகும்படியாகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு மணி நேரச் சோதனையில் சாகிற பாகம், மூன்றாவது மாதம் நீங்கள் ராங்க் மேட்ச் ஆடும்போது சாகப்போகிற பாகம்தான். எப்போது சாக வேண்டும் என்று கேட்டால் நான் கடை மாற்றித்தரும் நாட்களுக்குள் சாகட்டும் என்பேன்.

எதிர்த் தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு எடை உண்டு. அந்த இன்டெல் பிராசசர்கள் முதல் நாள் எல்லாச் சோதனையையும் பாஸ் பண்ணியிருக்கும். மாதங்கள் கழித்துத்தான் கெட்டன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022இல், இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டரில் ராம் ஒன்று கெட்டுப்போய், குறை தன் நிரலில் இருக்குமோ என்று அவர் அலைந்த கதை உண்டு. அப்படியிருக்க முதல் நாள் சோதனை எதற்கு? எதற்கென்றால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆரம்பப் புள்ளி வேண்டும் என்பதற்குத்தான். முதல் வாரம் பிழையில்லை என்று தேதி போட்டு வைத்திருந்தால், ஆறாவது மாதம் பிழை வரும்போது "இது மாறியிருக்கிறது" என்று உடனே சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் கேமைத் திட்டி, டிரைவரைத் திட்டி, விண்டோஸை மூன்று தடவை அழித்து ஏற்ற வேண்டியதுதான். அந்த இன்டெல் விவகாரத்தில் நடந்ததும் அதுவே. பல கேம்கள் "கிராபிக்ஸ் மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொண்டன. சனங்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். குற்றவாளி பிராசசர். சுருக்கி வைத்த கோப்பை விரிக்கும்போது அது கணக்கைத் தப்பாகப் போட்டது.

இப்போது என் அண்ணன் மகன் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் போன் வந்தது. கேம் தானாக மூடிக்கொள்கிறதாம். "கேம்ல பக் சித்தப்பா, எல்லாருக்கும் வருது." நான்காவது வாரம், கேமின் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் ஒரு கோப்பு கெட்டிருக்கிறது என்கிறது. மறுபடி இறக்கினான். மறுபடி சரிபார்த்தான். இப்போது வேறு கோப்பு. அதற்கடுத்த முறை இன்னொன்று. இங்கேதான் எனக்கு மணி அடித்தது. கேமுக்கு விடை தெரியாது. ஆனால் கோப்புகளைச் சரிபார்க்கும் பகுதிக்கு ஒவ்வொரு கோப்பின் கூட்டுத்தொகையும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வேறு கோப்பு கெட்டிருக்கிறது என்றால் கெட்டது கோப்பாக இருக்காது, அதைப் படிக்கிற ராமாக இருக்கும். அன்று ராத்திரி மெம்டெஸ்ட் போடவைத்தேன். 20 நிமிடத்தில் சிவப்பு. இரண்டு ராமில் ஒன்று, எக்ஸ்.எம்.பி.யை அணைத்த பிறகும் பிழை காட்டியது.

கடைக்குப் போனான். பில்லின் அடியில் சின்ன எழுத்தில் 7 நாள் என்று இருந்தது. அதன்பின் சர்வீஸ் சென்டர். உத்தரவாதம் இருந்தது, மாற்று ராமும் வந்தது. ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், புது கம்ப்யூட்டர் வந்த குஷியில் முதல் வாரமே அவன் வீட்டுப் பழைய லேப்டாப்பிலிருந்த போட்டோக்களை எல்லாம் இதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை அழித்து யாருக்கோ கொடுத்திருந்தான். அவன் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் 11 படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. அண்ணி இன்னும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதே போதும்.

நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பக்தர்களையும் கொஞ்சம் தட்டிவைக்க வேண்டும். பிரைம்95ஐயும் கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க்கையும் சேர்த்து 24 மணி நேரம் ஓட்டாவிட்டால் கம்ப்யூட்டரே இல்லை என்பவர்கள் அவர்கள். அது வேண்டுதல், சோதனை இல்லை. சினிபெஞ்ச் மதிப்பெண்ணைப் படம் பிடித்துப் பீற்றிக்கொள்வதும் சோதனை ஆகாது. அது வேகத்தைச் சொல்லும், சரியா தப்பா என்று சொல்லாது. ஆனால் இப்படிப்பட்ட வேக அளவீடுகளுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. ஏதாவது ஒன்றில் மதிப்பெண் மிகக் குறைந்தால் எங்கோ அசட்டுத்தனம் நடந்திருக்கிறது என்று தெரியும்: ராமைத் தப்பான ஸ்லாட்டில் செருகியது, மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு மதர்போர்டில் மாட்டியது, கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பொருத்தியது. கடைசியைச் செய்தவர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். பெயர் வேண்டாம்.

இன்னும் இரண்டு சோதனைகளை எந்த அமெரிக்க வீடியோவும் உங்களுக்குச் சொல்லாது. அவர்கள் 20 சொச்சம் டிகிரி அறையில் அளக்கிறார்கள். கூலரால் அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் கட்டுப்படுத்த முடியும். அறை 36 என்றால் அவர்கள் காட்டிய எண்ணோடு 15ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழியில் கட்டியவர்கள் கத்திரி வெயிலில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும். சூடு எவ்வளவு என்பதைவிட, அப்போது வேகம் விழுகிறதா என்று பாருங்கள்.

மற்றது கரண்ட். பலர் வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்கக்கூடியது சுமார் 360 வாட். பழைய கம்ப்யூட்டருக்கு அது போதும். கனமான கிராபிக்ஸ் கார்டு போட்ட எந்திரம் கேம் நடுவே 500ஐத் தாண்டும். பிரவுசரைத் திறந்துவைத்து ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் யு.பி.எஸ். தாங்கும்; நீங்களும் ஏமாறுவீர்கள். கிராபிக்ஸ் சோதனை முழுச் சுமையில் ஓடும்போது சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். முக்கியமான எதையும் எழுதிக்கொண்டிராதபோது, சொல்ல வேண்டியதில்லை. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். அதற்கு மெம்டெஸ்ட் உதவாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் வரும்வரை மேலே நான் சொன்ன எதையும் தொடங்க வேண்டாம்.

இத்தனைக்கும் ஆகிற செலவு, தூங்கும் இரண்டு ராத்திரியும் விழித்திருக்கும் ஒரு மதியமும். முதல் ராத்திரி மெம்டெஸ்ட், எக்ஸ்.எம்.பி. அணைத்து. இரண்டாம் ராத்திரி அதே மெம்டெஸ்ட், எக்ஸ்.எம்.பி.யோடு; இப்போது மட்டும் பிழை வந்தால் ராமைக் கடைக்குத் தூக்காதீர்கள், வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி பாருங்கள். மதியம் பிரைம்95 ஒரு மணி, கிராபிக்ஸ் சோதனை ஒரு மணி. எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்பதையும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் பார்த்துவிடுங்கள். புதிது என்று வாங்கியது ஆயிரம் மணி நேரம் காட்டினால் கேட்க வேண்டிய கேள்வியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இவையெல்லாம் முடியும்வரை பழைய லேப்டாப்பில் ஒரு கோப்பையும் அழிக்காதீர்கள்.

புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டர் உங்கள் மேசையில் இருக்கிறதென்றால், பில்லை எடுத்துப் பாருங்கள். மாற்றித்தரும் கடைசி நாள் எது என்று அடியில் இருக்கும். அதுவரை கேம் எங்கேயும் போய்விடாது. இன்று ராத்திரி மெம்டெஸ்டைப் போட்டுவிட்டுப் படுங்கள்.